செத்துக் கிடக்குற தெருமுக்கை நாலு பேர் வந்து உக்கார்ற இடமா மாத்துறது எப்படி? புதுசா இறங்குறவங்களுக்கு

உங்க ஏரியாவுலயும் அப்படி ஒரு இடம் இருக்கும். லேஅவுட் போட்டப்ப பார்க்குக்குன்னு விட்டு இப்ப கம்பி வேலி, பூட்டு, முள்ளுச்செடியோட நிக்கிற மனை, இல்லனா ரெண்டு தெரு சேர்ற முக்குல டிரான்ஸ்பார்மர் பக்கத்துல குப்பை சேர்ற திட்டு, மேம்பாலத்துக்கு அடியில, ஏரிக்கரை ஓரமா, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி. இதை நாம ஏதாவது பண்ணலாமேன்னு தோணும், ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாது. அவங்களுக்குத்தான் இது. ஆர்க்கிடெக்ட்டா இருக்கணும்னு அவசியம் இல்ல, நலச்சங்கத்துல இருக்கவங்க, புது கவுன்சிலர், காலேஜ் பசங்க யார் வேணா செய்யலாம்.

வழக்கமா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஃபண்டு வரும், எஸ்டிமேட் போடுவாங்க, பேவர் பிளாக் போட்டு நாலு கிரானைட் பெஞ்ச், நடுவுல ஒரு செயற்கை நீரூற்று, கலர் லைட்டு, ஊர் பேரை பெரிய எழுத்துல வச்சு ஒரு செல்ஃபி ஸ்பாட், திறப்பு விழா. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா நீரூற்று தொட்டியில கொசு, பெஞ்ச்ல ஆள் இல்ல, கேட்ல பூட்டு. செலவு பண்ணலன்னு சொல்ல முடியாது, யாரு வருவாங்க எப்ப வருவாங்க எங்க நிப்பாங்கன்னு யாருமே பாக்கல, அதான் விஷயம். ஆளுங்களைப் பாத்துட்டு இடத்தைச் செய்யணும், செஞ்ச பிறகும் பாத்துக்கிட்டே இருந்து மாத்தணும். கீழ இருக்குறது எல்லாம் அதை எப்படிப் பண்றதுங்கிறதுதான்.

முதல்ல இடம் யாரோடதுன்னு பாருங்க

இதை விட்டுட்டு ஆசையா வேலையில இறங்கினா பாதியில நின்னுடும். தமிழ்நாட்டுல 3000 சதுர மீட்டருக்கு மேல மனை பிரிச்சா 10 சதவீதம் பொது இடமா ஒதுக்கணும், இதைத்தான் ஓ.எஸ்.ஆர் இடம்னு சொல்றது. 10,000 சதுர மீட்டரைத் தாண்டிட்டா பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாவே உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். உங்க லேஅவுட்டோட அப்ரூவல் வரைபடத்தை டி.டி.சி.பி இல்ல சி.எம்.டி.ஏ (லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்குற அரசு அமைப்புகள், சென்னைப் பக்கம்னா சி.எம்.டி.ஏ) நம்பரோட வாங்கிப் பாருங்க, பார்க்குன்னு போட்ட இடம் அதுல தெளிவா இருக்கும். நிறைய ஏரியாவுல அந்த இடத்துல யாரோ மாடு கட்டியிருப்பாங்க, கார் ஷெட் போட்டிருப்பாங்க, கேட்டா வரைபடத்தை யாருமே பாத்திருக்க மாட்டாங்க.

ரோட்டோட முக்கா இருந்தா அது கார்ப்பரேஷனா நெடுஞ்சாலைத் துறையான்னு பாக்கணும், ஏரிக்கரைன்னா நீர்வளத்துறை பக்கம் போகும். 2022-லேருந்து நகர்ப்புற வார்டுகள்ல ஏரியா சபைன்னு, அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசுற கூட்டம் ஒண்ணு வந்திருக்கு, அதுல போய் பேசுங்க, மனுவா எழுதிக் கொடுத்து கையெழுத்து வாங்குங்க. நமக்கு நாமே திட்டம் மாதிரி மக்கள் ஒரு பங்கு போட்டா அரசு மீதியைப் போடுற வழியும் இருக்கு. ஆனா பணத்தைப் பத்தி இப்பவே ரொம்ப யோசிக்க வேண்டாம், அதுக்கு முன்னாடி வேலை இருக்கு.

ரெண்டு வாரம் எதுவும் பண்ணாதீங்க, பாருங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், எல்லாரும் தாண்டிப் போறதும் இதைத்தான். நியூயார்க்ல 1961-ல ஒரு விதி கொண்டு வந்தாங்க, பில்டிங் கட்டுறவங்க கீழ பொது முற்றம் விட்டா ஒரு சதுர அடி முற்றத்துக்குப் பதிலா மேல 10 சதுர அடி கூடுதலா கட்டிக்கலாம்னு. நிறைய பேர் முற்றம் விட்டாங்க, ஆனா பல இடத்துல ஆளே இல்ல. ஏன்னு கண்டுபிடிக்க வில்லியம் ஒயிட்ங்கிறவர் 1970 வாக்குல ஒரு சின்ன டீமை வச்சுக்கிட்டு, எதிர்ல இருக்குற மாடிகள்ல கேமராவை வச்சு, நாள் பூரா ஆளுங்க எங்க உக்கார்றாங்க, எங்க நின்னு பேசுறாங்கன்னு படம் எடுத்து எண்ணினார். அவருக்குக் கிடைச்ச பெரிய பதில் என்னன்னா, உக்கார இடம் இருக்குற இடத்துலதான் ஆளுங்க உக்கார்றாங்க. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா அவ்வளவு பெரிய பில்டிங் கட்டினவங்களுக்கே அது தோணல.

நீங்க பண்ண வேண்டியது இவ்வளவுதான். ஒரு பேப்பர்ல இடத்தை கையால வரைஞ்சுக்கோங்க, மரம், கம்பம், கடை, மேன்ஹோல், நிழல் விழுற பக்கம் எல்லாம் குறிச்சுக்கோங்க. அதை ஜெராக்ஸ் போட்டுக்கோங்க. காலையில ஆறு மணிக்கு நடக்குறவங்க நேரம், பத்து மணிக்கு மேல, மதியம் ரெண்டு மணிக்கு, ஸ்கூல் விடுற நேரம், சாயங்காலம் ஆறுலேருந்து எட்டரை வரைக்கும், வார நாள்ல ஒண்ணு ஞாயித்துக்கிழமை ஒண்ணுன்னு போய், ஒரு தடவைக்கு பத்து நிமிஷம் நின்னு எத்தனை பேர் கடந்து போறாங்க, எத்தனை பேர் நிக்கிறாங்க, எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு புள்ளி வைங்க. ஆண், பெண், குழந்தை, வயசானவங்களை தனித்தனி அடையாளத்துல குறிங்க.

பெண்கள் எண்ணிக்கையை மட்டும் தயவுசெஞ்சு தனியா பாருங்க. நல்லா ஓடுற இடத்துல பெண்கள் விகிதம் கூடவே இருக்கும்னு ஒயிட் கவனிச்சார், உக்கார்ற இடத்தைத் தேர்ந்தெடுக்குறதுல அவங்க ரொம்ப பாத்துப் பாத்து முடிவு பண்றாங்க. நம்ம ஊருக்கு இது இன்னும் பொருந்தும். ஆறரை மணிக்கு மேல ஒரு பொண்ணு கூட நிக்காத இடம்னா அங்க வெளிச்சமோ, வெளியேற வழியோ, கூட இருக்குற ஆளுங்களோ ஏதோ சரியில்லன்னு அர்த்தம், அதைக் கண்டுபிடிக்காம பெஞ்ச் போட்டா அது ஆம்பளைங்க பெஞ்சாத்தான் இருக்கும்.

ஆளுங்க விட்டுட்டுப் போன தடயத்தையும் பாருங்க. புல்லு தேஞ்ச ஒத்தையடிப் பாதை, ரெண்டு செங்கல் மேல பலகை போட்டு யாரோ செஞ்சுக்கிட்ட சீட்டு, மதியத்துல ஆட்டோக்காரங்க வண்டி நிறுத்துற நிழல், பூக்காரம்மா தினமும் உக்கார்ற படி. இதெல்லாம் ஏற்கனவே அந்த இடத்துக்கு ஆளுங்க போட்டு வச்ச பிளான். அதை அழிச்சுட்டு புதுசா வரைய வேண்டாம்.

பேசவும் செய்யுங்க. "உங்களுக்கு இங்க என்ன வேணும்"னு கேட்டா எல்லாரும் ஜிம் வேணும் நீரூற்று வேணும்னு சொல்வாங்க. "சாயங்காலம் எங்க போவீங்க, ஏன் அங்க போறீங்க, இங்க ஏன் உக்கார மாட்டீங்க"ன்னு கேளுங்க, வேற மாதிரி பதில் வரும்.

உக்கார்ற இடம்

கணக்கு ஒண்ணு சொல்றேன், கையில வச்சுக்கோங்க. ஒயிட் சொன்னதை வச்சு 1975-ல நியூயார்க் விதியை மாத்தினாங்க, ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் 1 அடி நீளம் உக்கார இடம் இருக்கணும்னு. உங்க இடம் 3000 சதுர அடின்னா 100 அடி நீளம், ஆளுக்கு 2 அடின்னு வச்சா 50 பேர் உக்காரலாம். நாலு பெஞ்ச் போட்டா 20 அடி கூட வராது, இப்ப புரியும் ஏன் காலியா தெரியுதுன்னு.

100 அடியும் பெஞ்சா வாங்கணும்னு இல்ல. சுவர், படிக்கட்டு, மரத்தைச் சுத்தின மேடை, செடித்தொட்டியோட விளிம்பு எல்லாமே உக்கார்ற இடம்தான், உயரம் சரியா இருந்தா. தரையிலேருந்து 17, 18 இன்ச் வசதி, ஒரு அடிலேருந்து மூணு அடி வரைக்கும் ஆளுங்க சமாளிச்சு உக்காருவாங்க. அகலம் ரெண்டரை அடிக்கு மேல இருந்தா ரெண்டு பக்கமும் உக்காரலாம், காலை மடக்கி திண்ணையில உக்கார்ற மாதிரி உக்காரலாம், டிபன் பாக்ஸை நடுவுல வச்சு சாப்பிடலாம். பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுல சாயங்காலம் பாருங்க, அந்தக் குட்டைச் சுவர் முழுக்க ஆளுங்க. மதுரை தெப்பக்குளத்தைச் சுத்தி இருக்குற சுவரும் அப்படித்தான், 1645-ல திருமலை நாயக்கர் காலத்துல வெட்டின குளம், இன்னைக்கும் பொழுது சாஞ்சா குடும்பம் குடும்பமா வந்து உக்கார்றாங்க. அதனால சுவர் மேல கூர்க்கம்பி, கண்ணாடித் துண்டு, சாய்வான காங்கிரீட் எதுவும் வேண்டவே வேண்டாம்.

முதுகு சாய்மானம் உள்ள சீட்டு கொஞ்சமாவது கண்டிப்பா வேணும், கைப்பிடியோட. முட்டிவலி இருக்குற அம்மா அப்பாங்க கைப்பிடி இல்லாம எழுந்திரிக்க முடியாது. ஸ்டீல் பெஞ்ச், கருப்பு கிரானைட் ரெண்டும் வெயில்ல கொதிக்கும், நம்ம ஊர் ஏப்ரல் மே மாசத்துல சாயங்காலம் ஏழு மணிக்கும் சூடு இறங்காது, நிழல் இருக்குற இடத்துல மட்டும் போடுங்க, இல்லனா மரப்பலகை.

நகர்த்துற சேரைப் பத்தி தனியா சொல்லணும். நியூயார்க்ல பேலி பார்க்னு ஒண்ணு இருக்கு, 1967-ல திறந்தது, மொத்தமே 4200 சதுர அடி, நம்ம கணக்குல ஒண்ணே முக்கால் கிரவுண்டு. ரெண்டு பில்டிங்குக்கு நடுவுல, பின்சுவர்ல 20 அடி உயரத்துலேருந்து தண்ணி கொட்டும், அந்தச் சத்தத்துல ரோட்டு இரைச்சல் காதுக்கு வராது, மேல மரங்களோட நிழல், பக்கத்துல சின்ன ஸ்நாக்ஸ் கடை, உள்ள பூரா தனித்தனி சேர். ஆளுங்க வந்ததும் சேரை ஒரு அடியாவது நகர்த்திட்டுத்தான் உக்காருவாங்க. இது என் இடம்னு அந்த ஒரு நகர்த்தல்ல வந்துடுது, ரெண்டு பேரா வந்தா பக்கத்துல, தனியா இருக்கணும்னா தள்ளி. திருட்டுப் போகும்னு எல்லாரும் சொல்வாங்க, பயம் நியாயம்தான். ராத்திரி அடுக்கி சங்கிலி போட பக்கத்து டீக்கடையோட பேசி வைங்க, இருபது சேர் போதும் ஆரம்பிக்க.

நிழல்

வெளிநாட்டுப் புத்தகத்துல எல்லாம் வெயில் விழுற பக்கம் சீட்டு போடச் சொல்லியிருக்கும், அதை அப்படியே எடுத்துக்காதீங்க. நமக்கு நிழல்தான் முதல்ல. ஏற்கனவே இருக்குற மரத்தை வெட்டாம அதைச் சுத்தி பிளான் போடுங்க, வேர்ல காங்கிரீட் ஊத்தாதீங்க, தண்டைச் சுத்தி எல்லாப் பக்கமும் குறைஞ்சது ஒரு மீட்டர் மண்ணா விடுங்க. புதுசா வைக்க புங்கை, வேம்பு, பூவரசு, மகிழம், நாவல் நல்லது. புங்கை சீக்கிரம் நிழல் கொடுக்கும். சீக்கிரம் பச்சையா தெரியும்னு கோனோகார்பஸ் வைக்கச் சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க, தமிழ்நாடு அரசே அதைத் தடை பண்ணிருக்கு. 2016 வர்தா புயல்ல சென்னையில எத்தனை மரம் சாஞ்சதுன்னு பாத்தவங்களுக்கு மரத்தேர்வு எவ்வளவு முக்கியம்னு தெரியும். மரம் வளர்ற வரைக்கும் கீத்துக் கொட்டகையோ பச்சை நிழல்வலையோ போட்டுக்கலாம், அழகா இல்லன்னு யாராவது சொன்னா சொல்லட்டும்.

மழையும் யோசிங்க, அக்டோபர் நவம்பர்ல தண்ணி தேங்குற மாதிரி பள்ளமா இடத்தை வைக்கக் கூடாது. பள்ளமா இருந்தா ரோட்டுலேருந்து கண்ணுக்கும் தெரியாது, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குள்ள யாரும் இறங்கிப் போக மாட்டாங்க.

ஓரமும் வாசலும்

ஒரு இடம் உயிரோட இருக்குறது நடுவுல இல்ல, ஓரத்துல. ஆளுங்க முதுகுக்குப் பின்னாடி ஏதாவது இருக்கணும்னு பாப்பாங்க, முன்னாடி பாக்குறதுக்கு தெரு இருக்கணும். ரோட்டைப் பாத்து சீட்டு போடுங்க, சுவரைப் பாத்துப் போடாதீங்க.

நியூயார்க் பிரையன்ட் பார்க் இதுக்குப் பெரிய பாடம். உயரமான புதரும் கம்பி வேலியும் சுத்தி மறைச்சு, உள்ள போதைப்பொருள் விக்கிற இடமா ஆகிப்போச்சு. 1988-ல மூடி, வேலியையும் புதரையும் எடுத்து, வாசல்களை அகலமாக்கி, சாப்பாட்டுக் கடை, நகர்த்துற சேர் எல்லாம் கொண்டு வந்து 1992-ல திறந்தாங்க. அதுக்கு அப்புறம் மதிய நேரம் சீட்டு கிடைக்கிறதே கஷ்டம்னு ஆயிடுச்சு. நம்ம ஊர் பார்க்குல காம்பவுண்டு சுவரை ஆறடிக்கு எழுப்புறது பாதுகாப்புக்குன்னு சொல்றாங்க, ஆனா வெளிய போறவங்களுக்கு உள்ள தெரியாதுன்னா உள்ள இருக்குறவங்களுக்குப் பாதுகாப்பு எங்க? ரெண்டடி சுவர் போதும், அதுலயும் உக்காரலாம். வாசல் ஒண்ணுக்கு மேல இருக்கணும்.

டென்மார்க் ஆர்க்கிடெக்ட் யான் கெல் ஒரு அளவு சொல்வார்: 100 மீட்டர் தூரத்துல ஆள் அசையறது தெரியும், 25 மீட்டருக்குள்ள வந்தாத்தான் முகத்துல இருக்குற உணர்ச்சி தெரியும். அதனால சின்ன இடம்னு கவலைப்படாதீங்க, அது நல்லதுதான். பத்து பேர் சின்ன முக்குல இருந்தா கலகலன்னு இருக்கும், அதே பத்து பேர் பெரிய மைதானத்துல இருந்தா வெறிச்சோடித் தெரியும்.

சக்கர நாற்காலி, தள்ளுவண்டி, குழந்தை வண்டி போற வழியை முதல்லயே வரைங்க. சாய்வுப்பாதை ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம், பிளாட்பாரத்துல நடக்க 1.8 மீட்டர் எதுவும் மறிக்காம. டிசைன் முடிஞ்ச பிறகு சேர்த்தா அது எப்பவும் பின்வாசல்லதான் போய் நிக்கும்.

சாப்பாடு, தள்ளுவண்டி

சுண்டல் இல்லாத மெரினாவை யோசிச்சுப் பாருங்க. சாப்பாடு இருந்தா ஆள் வரும், ஆள் வந்தா இன்னும் ஆள் வரும். ஆனா நம்ம அழகுபடுத்துற திட்டங்கள்ல முதல்ல துரத்துறது பஜ்ஜிக்கடை, இளநீர் வண்டி, இஸ்திரி வண்டி, செருப்பு தைக்கிறவர், இவங்களைத்தான். எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அந்த இடத்துல கண்ணு வச்சிருக்குறவங்க அவங்க, தெருவைப் பாத்துக்குற கண்கள்தான் தெருவோட பாதுகாப்புன்னு நகரங்களைப் பத்தி எழுதின ஜேன் ஜேகப்ஸ் 1961-லயே எழுதிட்டாங்க. எந்த சிசிடிவியும் பூக்காரம்மா பாக்குற மாதிரி பாக்காது.

2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு இருக்கணும், அதுல 40 சதவீதம் வியாபாரிகளே உறுப்பினரா இருக்கணும். அந்தக் குழு மூலமா போய், இப்ப இருக்குற வியாபாரிகளுக்கு உங்க வரைபடத்துலயே இடம் போடுங்க, தண்ணிக் குழாய், குப்பைத்தொட்டி, ஒரு பிளக் பாயிண்ட்டோட. நடக்குற வழியை மறிக்காம ஓரமா. பக்கத்துல டாய்லெட் இருக்கான்னும் பாருங்க, ஐந்து நிமிஷ நடைக்குள்ள டாய்லெட் இல்லாத இடத்துல பெண்களும் சுகர் இருக்குறவங்களும் ரொம்ப நேரம் இருக்க மாட்டாங்க.

முதல்ல சும்மா போட்டுப் பாருங்க

கட்டுறதுக்கு முன்னாடி ட்ரையல். 2009-ல நியூயார்க்ல, டைம்ஸ் சதுக்கத்துல பிராட்வே ரோட்டை வண்டிக்கு மூடினப்ப, நல்ல நாற்காலி வர்றதுக்கு முன்னாடி சாதாரண மடக்கு சேரைப் போட்டுத்தான் ஆரம்பிச்சாங்க, ஆளுங்க உடனே வந்து உக்காந்துட்டாங்க. பல மாசம் பாத்துட்டுத்தான் நிரந்தரம்னு முடிவு பண்ணினாங்க. நம்ம சென்னை பாண்டி பஜார்லயும் 2019 நவம்பர்ல நடைபாதை வளாகமா திறக்குறதுக்கு முன்னாடி ரோட்டை மூடி ட்ரையல் பாத்தாங்க. கொலம்பியா நாட்டுத் தலைநகர் போகோட்டாவுல 1974-லேருந்து ஞாயித்துக்கிழமை ரோடுகளை சைக்கிளுக்கும் நடக்குறவங்களுக்கும் விடுறாங்க, இப்ப அது 100 கிலோமீட்டருக்கு மேல போகுது.

நமக்கு இதுக்கு வசதி ரொம்பவே இருக்கு. பந்தல்காரர்கிட்ட பிளாஸ்டிக் சேர் வாடகைக்கு எடுங்க, கோலமாவுல இடத்தைக் குறிங்க, இங்க மேடை இங்க வண்டி இங்க நடைபாதைன்னு. ரெண்டு சனி ஞாயிறு போடுங்க. ரோடு சம்பந்தப்பட்டா கார்ப்பரேஷன்லயும் போக்குவரத்து போலீஸ்லயும் முன்னாடியே எழுத்துல அனுமதி வாங்கிடுங்க, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் கடைக்காரங்களுக்கும் நேர்ல போய் சொல்லிடுங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு சேரை எடுக்குறதுக்கு முன்னாடி மாடியிலேருந்து ஒரு ஃபோட்டோ எடுங்க. நீங்க வரிசையா போட்ட சேர் எங்கெங்க நகர்ந்து போயிருக்கோ அங்கதான் நிரந்தர சீட்டு வரணும்.

முன்னப்பின்ன தெரியாதவங்க பேசிக்க ஒரு சாக்கும் வேணும். கேரம் போர்டு, ரெண்டு தினசரி பேப்பர், பசங்க வரைய ஒரு கரும்பலகை. பழைய கோயில் மண்டபங்கள்ல கல்தரையில ஆடுபுலி ஆட்டம் கோடு கீறியிருக்கும் பாத்திருப்பீங்க, அதையே உங்க கல் மேடையில செதுக்கி வைங்க, காய்க்கு புளியங்கொட்டை போதும். ஆடுறவங்க ரெண்டு பேர், நின்னு யோசனை சொல்றவங்க எட்டு பேர்.

வெளிச்சம்

ஒரே ஒரு ஹைமாஸ்ட் (ரொம்ப உயரமான கம்பத்து உச்சியில கொத்தா லைட்டு) போட்டா தரை பளிச்சுன்னு இருக்கும், மரத்துக்குக் கீழ கும்மிருட்டு. 12 அடி, 15 அடி உயரத்துல சின்ன லைட்டா நிறைய போடுங்க, மஞ்சள் கலந்த வெளிச்சமா. எதிர்ல வர்றவங்க முகம் தெரியுதான்னு ராத்திரி நின்னு பாருங்க, பஸ் ஸ்டாப்லேருந்து இடம் வரைக்கும் நடந்தும் பாருங்க. கூட ஒரு பெண் நடந்து பாத்து சொல்லணும்.

திறந்த பிறகு

குடிக்கிறவங்க வந்துடுவாங்க, அதனால பெஞ்சே வேண்டாம்னு ஒரு பேச்சு எல்லா மீட்டிங்லயும் வரும். பெஞ்சை எடுத்தா பாட்டிங்க போயிடுவாங்க, குடிக்கிறவங்க தரையில உக்காந்துப்பாங்க. எல்லாரும் வர்ற இடமா ஆக்குறதுதான் அதுக்கு வைத்தியம், பிரையன்ட் பார்க்ல நடந்ததும் அதுதான். பைக் உள்ள வர்றதைக் குறைக்க, இருபது தப்படி தள்ளி பைக் நிறுத்த இடத்தைக் கொடுத்துட்டு வாசல்ல கல் நடுங்க, சக்கர நாற்காலி போக 1.2 மீட்டர் இடைவெளி விட்டு. சத்தம்னு பக்கத்து வீட்டுல சொன்னா அது நிஜமான பிரச்சனை, மைக் வேண்டாம், ராத்திரி பத்து மணியோட முடிச்சுக்கணும்னு எல்லாரும் சேர்ந்து முடிவெடுங்க.

தினமும் வர்ற ஒரு ஆள் வேணும். கூட்டுறது, சேரை எடுத்து வைக்கிறது, செடிக்குத் தண்ணி, உடைஞ்சதைச் சொல்றது. மாசச் சம்பளத்தோட, தானா செய்வாங்கன்னு விடாதீங்க. கட்டுற பட்ஜெட்ல 10, 15 சதவீதத்தை செலவு பண்ணாம தனியா வைக்கச் சொல்லி எஸ்டிமேட்லயே கேளுங்க, ஏன்னா முதல் வருஷத்துல ஏதாவது கண்டிப்பா மாத்த வேண்டி வரும். யாருமே உக்காராத பெஞ்சை எடுத்து ஆளுங்க நின்னுக்கிட்டு இருக்குற பக்கம் போடணும், பசங்க குறுக்கே ஓடுற இடத்துல செடியை எடுத்துட்டு வழி விடணும்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை பழைய ஜெராக்ஸையே எடுத்துக்கிட்டு அதே நேரங்கள்ல போய் திரும்ப எண்ணுங்க. முன்னாடி எண்ணினதையும் இப்ப எண்ணினதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே பக்கத்துல எழுதி, ரெண்டு ஃபோட்டோவோட அடுத்த ஏரியா சபையில கொடுங்க. சாயங்காலம் எட்டு மணிக்கு எத்தனை பெண்கள் உக்காந்திருக்காங்கங்கிற வரியை மேல எழுதுங்க.